முப்பதாவது கையெழுத்து

பிப்ரவரி 4

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அவனும் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்கு முன்பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். நூல் கட்டி இழுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நாற்பது வருஷம் பல் பிடுங்கியவன் சொல்கிறேன், அது தானாக விழும்.

போனில் பேசினால் என்ன என்று அவன் கோபித்துக்கொள்கிறான். அவன் பேசுவதில் எனக்குப் பாதிதான் விழுகிறது. பல் குடைகிற மிஷின் பக்கத்திலேயே வாழ்ந்த காது இது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஏரிப் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஆகஸ்டில் தேர்தல். பதினான்கு வருஷமாகத் தலைவராக இருக்கிறேன், இதுவரை போட்டி வந்ததில்லை. இந்த முறை வக்கீலம்மா ஓர் அணி சேர்த்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஏரியைச் சுற்றி நகராட்சி நடைபாதை போடப்போகிறது அல்லவா, அதற்கு எங்கள் நிர்வாகக் குழு சம்மதக் கடிதம் கொடுத்தது தவறாம். உறுப்பினர்களைக் கேட்டிருக்க வேண்டுமாம். முந்நூறு பேரைக் கேட்டு முடிப்பதற்குள் ஏரியே வற்றிவிடும். செயலாளர் என் பக்கம் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை. நம் கொக்கைத்தான் சொல்கிறேன். கண்ணாடிக் கடையைப் பத்து மணிக்குத்தான் திறக்கிறார். அதுவரை அந்த நெட்டை உடம்போடு கரையில் அசையாமல் நின்று பறவைகளை எண்ணுகிறார்.

போன மாதம் நடைபாதை வரைபடத்தின் நகல் ஒன்றை உனக்கு அனுப்பியிருந்தேனே, பார்த்தாயா? நாள் முழுக்க ஆபீசில் வரைபடத்தோடு மல்லுக்கட்டுகிறவள் நீ. நன்றாக இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் திருப்தி.

அத்தை உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

மாமா

*

பிப்ரவரி 19

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

மருமகளின் வணக்கம். இங்கே மூவரும் நலம். ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறீர்களா? பல் நீங்கள் சொன்னபடி தானாகவே விழுந்துவிட்டது. அதைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிவருகிறாள்.

வரைபடத்தைப் பார்த்தேன். மதிய இடைவேளையில் மேஜைமேல் விரித்து, அளவுகோல் வைத்தும் பார்த்தேன். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. ஒரே ஓர் இடம்தான் உறுத்துகிறது. தெற்குக் கரையில் ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் இருக்கிறதே, நடைபாதை அதன்மேலேயே போகிறது. தண்ணீர் போக அடியில் குழாய் எதுவும் காட்டவில்லை. பறவைகள் தங்குகிற நாணல் முழுக்க அந்தப் பக்கம்தானே இருக்கிறது. நகராட்சி எஞ்சினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறீர்களா? எனக்குத் தெரியாத ஏற்பாடு ஏதாவது இருக்கவும் கூடும்.

கல்யாணமான வருஷமே என்னைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டீர்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

மருமகள்

*

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரை விஷயத்தில் அத்தை போலீஸ் உத்தியோகம் பார்க்கிறாள்.

வாய்க்காலைப் பற்றி எழுதியிருந்தாய். எஞ்சினியர் குழாய் வைக்காமலா விடுவார்? கட்டும்போது பார்த்துக்கொள்வார்கள். இதை யாரிடமும் சொல்லி வைக்காதே. வக்கீலம்மா காதில் விழுந்தால் கொடி பிடித்துவிடுவார். நானே முன்னின்று வாங்கிய திட்டம் இது. நாலு வயசானவர்கள் நிம்மதியாக நடக்கட்டுமே.

மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா

*

ஏப்ரல் 2

அன்பு மருமகளுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. நடைபாதையை ஆகஸ்ட் பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு விட வேண்டும் என்று ஒரு மனு வந்திருக்கிறது. அப்படிக் கேட்க முப்பது உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். சரியாக முப்பது இருக்கிறது என்று தேர்தல் அதிகாரி சொல்கிறார். பெயர்களைக் காட்ட மறுக்கிறார். மனுக் கொடுத்தவர்களை யாரும் மிரட்டக் கூடாது என்பதற்காகப் பெயர்களை உறையிலிட்டு மூட வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவனே நான்தான். என்னத்தைச் சொல்ல.

இருபத்தொன்பது பேர் யார் யார் என்று விரல்விட்டு எண்ணிவிட்டேன். எல்லாரும் வக்கீலம்மாவின் ஆட்கள். முப்பதாவது ஆள்தான் பிடிபடவில்லை. இதில் இன்னொன்று. மனுவோடு நடைபாதை வரைபடத்தை இணைத்து, வாய்க்கால் அடைபடுகிற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். சங்கத்தில் அந்த வரைபடம் இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒன்று நான். மற்றது கொக்கு.

அத்தையிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

மாமா

*

ஏப்ரல் 20

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். இவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது தேவலை. ஆபீசிலும் வேலை குவிந்துவிட்டது. நீங்கள் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. மாத்திரை வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாது.

கண்ணாடிக்கடை மாமா அப்படிச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவசரப்பட்டு அவரிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் உங்களுக்கு வேண்டாதவர்களாகத்தான் இருக்க வேண்டுமா? ஏரியை நினைத்துப் போட்டவர்களும் இருக்கலாம். யார் என்று தேடுவதை விட்டுவிடுங்களேன், மாமா.

வேறு விசேஷம் இல்லை. அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மருமகள்

*

மே 1

அன்பு மருமகளுக்கு,

அவனுக்குக் காய்ச்சல் விட்டது குறித்து நிம்மதி. எனக்கு அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பயப்படும்படி இல்லை.

கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்து சேர்வதற்கு முந்தின நாளே கேட்டுவிட்டேன். கொக்கின் கடைக்குப் போனேன். உடைந்த ஃபிரேம் ஒன்றுக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள் கண் பரிசோதிக்கிற இரும்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மனுவுல கையெழுத்துப் போட்டியா?" என்றேன்.

"இல்ல" என்றார், தலையைத் தூக்காமல்.

"அப்ப வரைபடம் எப்படி வெளியே போச்சு?"

மேஜை இழுப்பறையைத் திறந்து தன் நகலை எடுத்து என் முன்னால் போட்டார். "எங்கிட்ட இருந்தது இதோ இருக்கு."

"நகலை நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அப்போதுதான் திருப்புளியைக் கீழே வைத்தார். "முப்பது வருஷத்துல உங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேனா?"

"அதனால இப்ப சொல்ல மாட்டேன்னு ஆயிடுமா?" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அந்த அம்மாள் இரும்புக் கண்ணாடி வழியாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுந்து போ, டாக்டரே. இனிமே பல்லு வலிச்சாலும் உங்கிட்ட வரமாட்டேன்" என்றார்.

மறுநாள் செயலாளர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் வந்தது. குற்றமில்லாதவன் எதற்கு ராஜினாமா செய்கிறான், சொல்.

வெளியூர் உறுப்பினர்கள் நாற்பது பேருக்குத் தபால் ஓட்டு. உன் ஊரில் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களை நேரில் பார்த்து எனக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? வீட்டு மனிதர்களைத் தவிர வேறு யாரையும் இப்போது நம்ப முடியவில்லை.

மாமா

*

மே 27

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலம்தானே? அழுத்தத்தைத் திரும்பவும் பார்த்தீர்களா? டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினாரா?

அந்த ஏழு பேரைப் பார்ப்பது என்னால் முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் சிறியதாக இருக்கிறது, இன்னொரு முறை விரிவாக எழுதுகிறேன்.

பேத்தி தாத்தாவுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். அனுப்பியிருக்கிறேன்.

மருமகள்

*

ஜூன் 5

அன்பு மருமகளுக்கு,

படம் கிடைத்தது. கிளினிக்கில் ஒட்டியிருக்கிறேன். எனக்குக் கொம்பு எதற்கு வரைந்தாள் என்று கேட்டுச் சொல்.

கொக்கு ஏரிக்கரைக்கு வருவதில்லை. இத்தனை வருஷத்தில் மே மாதக் கணக்கு எடுக்காமல் போனது இதுதான் முதல் தடவை. வக்கீலம்மா அவரைத் தன் அணிக்குக் கூப்பிட்டாராம், போகவில்லையாம். எல்லாம் நடிப்பு. அவர் மனைவி மருந்துக் கடையில் அத்தையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாளாம். அத்தை வந்து அழுதாள்.

என் அணியில் இருப்பவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். ஜூன் 22 நிர்வாகக் குழுவில் அவரைச் சங்கத்திலிருந்தே நீக்கத் தீர்மானம் கொண்டுவருகிறோம். உறுப்பினர்களுக்கு ஒரு நோட்டீசும் எழுதியிருக்கிறேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். "கூட இருந்தே குழிபறித்தவர்" என்று ஆரம்பிக்கிறது. உன் தமிழ் நல்ல தமிழ். பிழை இருந்தால் திருத்தி 18-ம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்பு. அச்சகத்தில் சொல்லி வைத்துவிட்டேன்.

மூவரும் நலமாக இருங்கள்.

மாமா

*

ஜூன் 11

மாமாவுக்கு,

நோட்டீசை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். முப்பதாவது கையெழுத்து என்னுடையது.

வரைபடத்தின் நகலை வக்கீலம்மாவுக்கு அனுப்பியதும் நான்தான். சிவப்பு வட்டம் நான் போட்டது. அது மூன்று பேரிடம் இருந்தது, மாமா. ஜனவரியில் எனக்கு அனுப்பியதை மறந்துவிட்டீர்கள். வெளியே போனது எங்கிருந்து என்று தேடும்போது வீட்டு மனிதர்களை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

கட்டும்போது பார்த்துக்கொள்வார்கள் என்று மார்ச்சில் எழுதினீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஆபீஸ் எஞ்சினியரிடம் காட்டினேன். இப்படியே கட்டினால் இரண்டு கோடையில் நாணல் காய்ந்துவிடும் என்றார். அந்த வாரம்தான் வக்கீலம்மாவின் கடிதம் வெளியூர் உறுப்பினர்களுக்கெல்லாம் வந்தது. இருபத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள், இன்னும் ஒருவர் வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். போட்டதற்கு இப்போதும் வருந்தவில்லை.

சொல்லாததற்குத்தான் வருந்துகிறேன். "அப்பாவுக்கு பிரஷர் இருக்கு, எலெக்‌ஷன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று இவர் சொன்னார். இவர்மேல் பழியைப் போடவில்லை. இவர் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. நீங்கள் கண்ணாடிக்கடை மாமாவின் பெயரை எழுதிய அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன், காய்ச்சலைப் பற்றி எழுதினேன். மே மாதம் மறுபடி எடுத்தேன், மாத்திரையைப் பற்றி எழுதினேன். அந்த மனிதர் என்னால் கரைக்கு வராமல் இருக்கிறார்.

நீங்கள் என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மருமகள்

*

ஜூலை 16

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. என் கடிதம் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. இவர் போன் செய்தார். "நல்லாத்தான் இருக்கார், சாப்பிடுறார்" என்றார் அத்தை. கிளினிக்குக்குப் போகிறாரா என்று கேட்டதற்கு, "போறார், வர்றார்" என்றார். அதற்குமேல் ஒன்றும் வாங்க முடியவில்லை.

நோட்டீஸ் வெளியே போய்விட்டதா, மாமா? அதை மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள். தபால்காரர் வருகிற நேரத்தில் ஜன்னலைவிட்டு நகர முடியவில்லை.

ஓட்டுச் சீட்டு வந்தது. நிரப்பி அனுப்பிவிட்டேன்.

மருமகள்

*

ஆகஸ்ட் 30

மருமகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அழுத்தம் நூற்றைம்பதில் நிற்கிறது. அத்தை சுகம்.

உன் கடிதம் ஜூன் 15 அன்று கிளினிக்குக்கு வந்தது. நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் பிரித்தேன். அவர் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாரோ தெரியாது. "டாக்டர், வாயை மூடிக்கலாமா?" என்று அவர் கேட்டபோதுதான் நினைவு வந்தது.

நோட்டீஸ் வெளியே போகவில்லை. அச்சகத்துக்கு நானே போய் நிறுத்தினேன். 22-ம் தேதி தீர்மானத்தையும் எடுக்கவில்லை. என் ஆட்கள் காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராததால்தான் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தில் இன்னும் ஒரு மாதம் ஓட்டினேன். ஆக, சொல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அத்தையிடம் ஜூலைக் கடைசியில்தான் சொன்னேன். "எனக்கு ஏப்ரல்லயே தெரியும். அவளுக்கு அனுப்பின வரைபடக் கவரைத் தபால்ல போட்டதே நான்தானே" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னேன். உங்களுக்குக் கேக்கல. ரெண்டாவது தடவை சொல்ல பயமா இருந்துச்சு" என்றாள். என் வீட்டிலேயே என்னிடம் சொல்லப் பயந்தவர்கள் மூன்று பேர். அதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கொக்கின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலிலேயே நின்று சொன்னேன், என் மருமகள்தான் என்று எழுதியிருக்கிறாள், என்னை மன்னித்துவிடு என்று.

அதற்கு அவர், "நான் இல்லேன்னு சொன்னேன், நம்பல. அவ எழுதினா, நம்பிட்ட. அவ எழுதாம இருந்திருந்தா?" என்றார்.

திரும்பிப் படி இறங்கினேன்.

"போயிட்டு வா, டாக்டரே. கோபமில்ல. ஆனா முன்ன மாதிரி வராத" என்றார்.

17-ம் தேதி பொதுக்கூட்டம். ஓட்டெடுப்புக்கு முன்னால் மைக்கைக் கேட்டு வாங்கினேன். வரைபடத்தை வெளியூருக்கு அனுப்பியது நான்தான், முன்னாள் செயலாளர்மேல் சந்தேகப்பட்டதும் நான்தான், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. என் அணிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். பதினொரு ஓட்டில் தோற்றேன். குழாய் இல்லாமல் நடைபாதை கூடாது என்ற தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்கு நானும் கை தூக்கினேன். கொக்கு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுப் போட்டதும் எழுந்து போய்விட்டார். புதிய குழு கேட்டு, பறவைக் கணக்கை மறுபடி எடுக்கிறார். அவர் வருகிற நேரத்தில் நான் கரைக்குப் போவதில்லை.

இனி உன் விஷயம். கையெழுத்து உன் உரிமை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. வாய்க்காலைப் பற்றி எனக்குத்தான் முதலில் எழுதினாய். அந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது. நான்தான் பொருட்படுத்தவில்லை. ஆனால் கடைக்குப் போய் அந்த மனிதரை அவமானப்படுத்திவிட்டு வந்ததை மே மாதம் உனக்கு எழுதினேன். அதைப் படித்த பிறகும் நீ என் மாத்திரையைத்தான் விசாரித்தாய். அந்த ஒரு கடிதத்தை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

புதிய குழு நகராட்சிக்குத் திருத்தின வரைபடம் கொடுக்க வேண்டும். யார் வரைவது என்று வக்கீலம்மா கேட்டார். உன் பெயரைச் சொன்னது நான். செப்டம்பர் கடைசியில் வா. வாய்க்காலை நேரில் அளக்க வேண்டும். நம் வீட்டில்தான் தங்க வேண்டும். என் கோபம் அதற்குள் போகாது. முதல் இரண்டு நாள் உன்னோடு நான் பேசாமல் இருக்கலாம். அத்தை பேசுவாள். மூன்றாம் நாள் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் விரி. நான் வந்து உட்காருகிறேன்.

யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்க மாட்டேன். எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

மாமா

*

செப்டம்பர் 8

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நானும் இவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். இவர் தனியாக உங்களுக்கு எழுதுவார். நூற்றைம்பது அதிகம். இதை இந்த முறை வேறு எதையும் மறைப்பதற்காக எழுதவில்லை.

கண்ணாடிக்கடை மாமாவுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். ஊருக்கு வரும்போது கடைக்குப் போவேன். எழுந்து போ என்றால் வந்துவிடுகிறேன்.

ஓட்டைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்கவில்லை என்பதைச் சாக்காக வைத்து நான் இன்னொரு முறை ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. தலைவர் இடத்துக்கு வக்கீலம்மாவுக்குத்தான் போட்டேன். உங்களிடமிருந்து பதிலே வராத நாட்களில் போட்டது அது. வந்திருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். நேரில் வந்து உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு இதைச் சொல்ல தைரியம் இருக்குமா தெரியவில்லை. அதனால் முன்பே எழுதிவிடுகிறேன்.

26-ம் தேதி காலை ஏழேகால் வண்டியில் வருகிறேன். நான்கு நாள் கேட்டிருந்த லீவை ஆறு நாளாக மாற்றியிருக்கிறேன். இதைப் படித்த பிறகு இரண்டு நாள் மௌனம் உங்களுக்குப் போதாமல் இருக்கலாம்.

ஸ்டேஷனுக்கு வர மனம் இல்லையென்றால் வர வேண்டாம், மாமா. எனக்கு வழி தெரியும். நேராக வீட்டுக்குத்தான் வருவேன்.

மருமகள்